பாலிசியும் ஈட்டுக் கடனும்

சென்ற ஆண்டு என் தங்கைக்குச் செவிலியர் பயிற்சியில் இடம் கிடைத்தது. கட்டணம் செலுத்தக் கையில் பணமில்லை. "பதினொரு வருஷமாகக் கட்டுகிற பாலிசியை முடித்து, வருவதை வாங்கிவிடலாம்" என்றார் தந்தையார். வணிகவியல் வகுப்பில் கேட்ட பாடம் எனக்கு நினைவுக்கு வந்தது. "முடிக்க வேண்டாம் அப்பா, ஈடு வைத்துக் கடன் வாங்கலாம்" என்றேன். அப்போது நான் கற்றவற்றை நண்பர்களுக்காக இங்கு எழுதுகிறேன்.

சேமிப்பும் கலந்த ஆயுள் காப்பீட்டுப் பாலிசியை இடையில் முடித்துக்கொண்டால் திரும்பக் கிடைக்கும் தொகைக்குச் சரண் மதிப்பு என்று பெயர். கடன் இதைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. ஐந்து லட்சம் ரூபாய்ப் பாலிசிக்கு நான்கு லட்சம் கடன் கிடைக்கும் என்று எண்ணுவோர் பலர்; அது தவறு. 1956-ஆம் ஆண்டு தோன்றிய ஆயுள் காப்பீட்டுக் கழகம், பிரீமியம் நடப்பில் உள்ள பாலிசிகளுக்குப் பொதுவாகச் சரண் மதிப்பில் 90 விழுக்காடு வரையிலும், பிரீமியம் நின்று தொகை குறைந்த பாலிசிகளுக்கு 85 விழுக்காடு வரையிலும் கடன் தருகிறது. இறப்புக்கு மட்டும் பணம் தரும் டேர்ம் பாலிசிக்குச் சரண் மதிப்பு இல்லை. ஆகவே கடனும் இல்லை.

கடன் பெறுவோர் பத்திரத்தை ஒப்படைத்து, உரிமையைக் கழகத்தின் பெயருக்கு மாற்றி எழுதித் தரவேண்டும். இதனால் நியமனம் ரத்தாகிவிடுமோ என்று என் தாயார் அஞ்சினார். 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி, கடனுக்காகச் செய்யும் உரிமை மாற்றம் நியமனத்தை ரத்துச் செய்வதில்லை. இறப்பு நேர்ந்தால் கடனும் வட்டியும் கழிக்கப்பட்டு, எஞ்சிய தொகை நியமிக்கப்பட்டவருக்குக் கிடைக்கும்.

இக்கடனில் மாதத் தவணை கிடையாது. ஆறு மாதத்திற்கு ஒருமுறை வட்டி கட்டினால் போதும். இந்த வசதியிலேயே ஆபத்தும் இருக்கிறது. சரண் மதிப்பு 40,000 ரூபாய், கடன் 36,000 ரூபாய், வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காடு எனக் கொள்வோம். வட்டியையும் பிரீமியத்தையும் கட்டாமல் விட்டால், அரையாண்டு முடிவில் கடன் 37,800 ஆகும், ஓராண்டில் 39,690, ஒன்றரை ஆண்டில் 41,674 ரூபாய் 50 காசு. சரண் மதிப்பு பெரிதும் உயராத நிலையில் கடன் அதைத் தாண்டிவிடுகிறது. அப்போது பாலிசியை முடித்துக் கடனுக்கு ஈடுகட்டிக்கொள்ளக் கழகத்திற்கு உரிமை உண்டு. குடும்பத்திற்கு இருந்த பாதுகாப்பு அத்துடன் போய்விடும்.

என் தங்கை இப்போது பயிற்சியில் இருக்கிறாள். பிரீமியத்தைத் தந்தையார் கட்டுகிறார். அரையாண்டு வட்டி என் பொறுப்பு; மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்து அதைச் சேர்க்கிறேன். இதுவரை இரண்டு ரசீதுகள் சேர்ந்துள்ளன.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் ஒரு பாலிசிப் பத்திரம் இருக்கக்கூடும். இந்த விடுமுறையில் அதை எடுத்து, அதிலுள்ள நிபந்தனைகளைப் பெற்றோருக்குப் படித்துக் காட்டுங்கள்.