கரண்ட் போனால் இன்சுலின் கெடுமா?

அப்பாவுக்கு தினமும் இரவு கிளார்ஜின் இன்சுலின் பேனா ஊசி. கோடையில் கரண்ட் போனால் ஃப்ரிட்ஜில் உள்ள மருந்து வீணாகுமா? அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டால் ஊசியை விட்டுவிடலாமா? – வாசகி, திருநின்றவூர்

சில மணி நேர மின்தடையால் கிளார்ஜின் கெடாது. ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்காமல் இருந்தால் போதும். பிரிக்காத பேனாவுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். பயன்பாட்டில் உள்ள பேனா 30 டிகிரிக்குள் 28 நாள் வெளியிலேயே இருக்கலாம். திருநின்றவூரின் மே மாத வெயிலுக்கு மண்பானை கைகொடுக்கும்: பெரிய பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஈர மணல், உள்ளே பாலித்தீன் உறையில் பேனா. வெயில் படாத, காற்றோட்டமான மூலையில் வைக்க வேண்டும். உறைந்துபோன மருந்தும், கலங்கிய மருந்தும் குப்பைக்குத்தான்.

கிளார்ஜின் சாப்பாட்டுக்கான ஊசி அல்ல. தோலுக்கடியில் நுண்துகள்களாகப் படிந்து, சுமார் 24 மணி நேரம் மெல்லக் கரைந்து, பட்டினியிலும் கல்லீரல் வெளிவிடும் சர்க்கரையை அது கட்டுப்படுத்துகிறது. ஒருவேளை உணவு தவறியதற்காக அதை நிறுத்தக் கூடாது. படுக்கும் முன் சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தால் முதலில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர், 15 நிமிடம் கழித்து மறு சோதனை. அன்றைய ஊசி அளவை மருத்துவர் சொல்ல வேண்டும்.

பேனாவைப் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.