கைவழிக் கணிதம்: நம் பிள்ளைகளுக்கு மூன்று பயிற்சிகள்

கணிதம் என்றதும் அஞ்சும் பிள்ளைகள் பலர். விதியை நெட்டுருச் செய்து தேர்வுத்தாளில் எழுதிவிட்டு, மறுநாளே மறந்துவிடுகின்றனர். கண்டும் தொட்டும் அளந்தும் அறிந்தது அவ்வாறு மறவாது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பருவமே இதற்கு ஏற்ற பருவமாகும். சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றிய பி.கே. சீனிவாசன் அவர்கள் கணிதத்தைச் செயல்வழி கற்பித்தவர். 1993-இல் இராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகம் அமையவும் உழைத்தவர்.

கணிதத்தை ஞானத்தின் ஓர் அங்கமாகப் போற்றிய மரபு நம்முடையது. 9-ஆம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னர் அமோகவர்ஷரின் காலத்தில், மகாவீராசாரியர் கணிதசாரசங்கிரகத்தை இயற்றினார். சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் எம். ரங்காசாரியார் அதனை ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்க, 1912-இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்டது. வந்தவாசி, திண்டிவனம் பக்கத்து ஊர்களிலிருந்து பணியின்பொருட்டு வந்து அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் குடியமர்ந்த நம் குடும்பங்களில், இச்செல்வத்தைப் பிள்ளைகள் அறியாமலே வளர்ந்துவிடக் கூடாது. பொழுது சாயுமுன் உணவருந்தும் இல்லங்களில், அதன்பின் அரைமணி நேரம் எளிதில் கிட்டும். மொட்டைமாடிப் பயிற்சியை மட்டும் ஞாயிறு காலையில் வைத்துக்கொள்ளலாம். பொருள்களைத் தேர்வதிலும் அகிம்சை பேணுக. சோழியும் பட்டு நூலும் வேண்டா. புளியங்கொட்டையும் பருத்திச் சரடும் போதும்.

1. விதைகளும் ஏழு பங்கங்களும்

புளியங்கொட்டை, மொச்சை, கொண்டைக்கடலை ஆகியவற்றில் ஒவ்வொன்று எடுத்துக்கொள்க. ஒன்றேனும் இருக்குமாறு எத்தனை வகையாகத் தேரலாம் என்று பிள்ளையே வரிசையாக அடுக்கிப் பார்க்கட்டும். தனித்தனியாக 3, இரண்டிரண்டாக 3, மூன்றும் சேர 1; ஆக 7.

இனி விதைகளுக்குப் பெயரிடுக: உண்டு, இல்லை, சொல்லொணாது. இவற்றின் சேர்க்கைகளே சப்தபங்கி. பங்கங்கள் ஆறாகவோ எட்டாகவோ இராமல் ஏழாக இருப்பதன் காரணம் இப்போது விளங்கும். ஒவ்வொரு விதையையும் எடுக்கலாம், விடலாம் என இரு வழிகள் உள்ளன. எனவே 2 × 2 × 2 = 8. ஒன்றையும் எடாத நிலையைக் கழித்தால் 7.

2. காகித மடிப்பும் அர்த்தச்சேதமும்

நாளிதழ்த் தாள் ஒன்றைப் பாதிபாதியாக மடித்து, ஒவ்வொரு மடிப்புக்கும் அடுக்குகளை எண்ணி எழுதச் சொல்லுக. 1 மடிப்பு, 2 அடுக்கு; 2 மடிப்பு, 4; 3 மடிப்பு, 8; 4 மடிப்பு, 16; 5 மடிப்பு, 32.

ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கினால் 1 வரும் என்பதை அர்த்தச்சேதம் என்று வீரசேனாசாரியர் தம் தவளா உரையில் கூறுகிறார். 8-இன் அர்த்தச்சேதம் 3; 4-இன் அர்த்தச்சேதம் 2; 8 × 4 = 32-இன் அர்த்தச்சேதம் 5. மூன்று முறை மடித்த தாளை மேலும் இருமுறை மடித்தால் ஐந்து மடிப்பாகுமன்றோ? ஆகவே எண்களைப் பெருக்குமிடத்து அர்த்தச்சேதங்களைக் கூட்டினால் போதும். மேல்வகுப்பில் மடக்கை என்று பயில்வது இதுவே. இங்கே அதன் அடிமானம் 2.

3. மாடியில் ஜம்பூத்வீபம்

மொட்டைமாடித் தரையில் 50 செ.மீ. சரடும் சுண்ணக்கட்டியும் கொண்டு ஒரு வட்டம் வரைக. விட்டம் 1 மீட்டர். ஜம்பூத்வீபத்தின் விட்டம் ஒரு லட்சம் யோசனை; ஆகவே நம் வட்டத்தில் 1 மி.மீ. என்பது 100 யோசனை.

வட்டக் கோட்டின்மேல் ஒரு சரட்டைச் சுற்றிலும் படியவைத்து, முனைகள் சேருமிடத்தில் வெட்டுக. இது முதற் சரடு. அடுத்து 1 மீட்டர் அகலமும் 3 மீட்டர் நீளமும் உள்ள செவ்வகம் வரைக. இரு மூலைவிட்டங்களும் சமமாயின் வடிவம் சரி. ஒரு மூலைவிட்டத்தின் அளவுக்கு இரண்டாம் சரட்டை வெட்டுக. 1 × 1 + 3 × 3 = 10 ஆதலின் இதன் நீளம் √10 மீட்டர்.

மகாவீராசாரியர் பரிதிக்கு இரண்டு அளவுகள் தருகிறார். விட்டத்தைப் போல் 3 மடங்கு என்பது தூல அளவு. √10 மடங்கு என்பது நுண்ணளவு. ஜம்பூத்வீபத்தின் பரிதி 316227 யோசனையும் சிறிது மிகையும் என நம் நூல்கள் கூறுவது √10-ஆல் வந்ததே.

இரு சரடுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க. இரண்டாவது ஏறக்குறைய 2 செ.மீ. நீண்டிருக்கும். இன்றைய π மதிப்பின்படி பரிதி 314159 யோசனை. வேறுபாடு 2068 யோசனை. 3 மடங்கோ 14 செ.மீ. குறைவு.

இவ்விடத்தில் பிள்ளை, “அப்படியானால் நம் நூல் தவறா?” என்று கேட்கும். அதட்டி அடக்குதல் ஆகாது. அடக்கினால் கணிதத்தையும் இழப்போம். நாளடைவில் நூலின்மீது பிள்ளை கொண்ட மதிப்பையும் இழப்போம். “எல்லாம் அன்றே முற்ற அறிந்திருந்தோம்” என்று பெருமை பேசுதலும் முறையன்று. அவ்வக் காலத்துக் கருவிக்கும் தேவைக்கும் ஏற்ப அளவு நுண்மை பெறுகிறது. வேலிக்குக் கயிறு வாங்குவோர்க்கு 3 என்பது கிட்டத்தட்டப் போதும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் பிடிப்போர்க்கு √10-உம் போதாது. நம் மரபும் √10-இல் நின்றுவிடவில்லை. தவளாவில் எடுத்தாளப்பெறும் ஒரு விதியினின்று 355/113 என்னும் மதிப்பை அறிஞர் பெறுகின்றனர். அது ஆறு தசம இடங்கள் வரை சரியானது. உள்ளதை உள்ளவாறு காண்பதே நற்காட்சி என்பதைச் சரடு கொண்டே பிள்ளைக்கு உணர்த்தலாம்.

பயிற்சி வினாக்கள்

அ) நான்கு வகை விதைகளாயின் எத்தனை சேர்க்கைகள்?
ஆ) 1024-இன் அர்த்தச்சேதம் யாது?
இ) கணிதசாரசங்கிரகத்தில் மாலை போல் அமைந்த பெருக்கங்கள் உள்ளன. 152207-ஐ 73-ஆலும், 142857143-ஐ 7-ஆலும் பெருக்கி, விடையின் இலக்கங்களை மணிகளாகக் கோத்துக் காட்டுக.

விடைகள்: அ) 15. ஆ) 10. இ) 11111111, 1000000001. இரண்டும் எம்முனையிலிருந்து படித்தாலும் ஒன்றே.

விடையைப் பெற்றோர் முந்திக் கூறாதிருப்பாராக. பிள்ளை தானே கண்டு மகிழும் அந்தக் கணத்திற்காகவே இப்பயிற்சிகள் யாவும்.