மார்பளவு நீரில் ஒரு போர்க்கப்பல்

போர்க்கப்பல் என்றதும் ஆழ்கடலில் மிதக்கும் இரும்பு மலைதான் நம் மனக்கண்முன் தோன்றும். வரலாறு பயிலும் மாணவனாகிய நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். மார்பளவு நீர் இருந்தாலே ஓடக்கூடிய போர்க்கப்பல்களும் இருந்தன என்று படித்தபோது வியந்தேன். ஜப்பானியர் சீனாவின் யாங்சி ஆற்றில் செலுத்திய பீரங்கிப் படகுகளே அவை.

அயல்நாட்டு ஆற்றில் அவற்றுக்கு என்ன வேலை? போரில் தோற்ற சீனா, 1895 ஆம் ஆண்டு ஷிமொனோசெகி உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. அதன்படி சுங்கிங் நகர் வரை ஆற்றில் கப்பல் விடும் உரிமையை ஜப்பான் பெற்றது. வணிகக் கப்பலின் பின்னே பீரங்கியும் வந்தது. பிரிட்டனும் அமெரிக்காவும்கூட அங்கே இத்தகைய படகுகளை வைத்திருந்தன.

1923 இல் பணிக்கு வந்த செட்டா வகைப் படகுகள் நான்கு: செட்டா, ஹிரா, ஹோசு, கட்டாட்டா. நீளம் ஏறத்தாழ 56 மீட்டர். நீருக்குள் அமிழும் ஆழமோ ஒரு மீட்டர்தான்! மணல் திட்டில் தட்டாதிருக்க அடிப்பாகம் தட்டையாக அமைந்தது. மலையிடுக்குகளில் சீறிவரும் நீரோட்டத்தை எதிர்த்து ஏற, 16 நாட் வேகம் தரும் எந்திரம் வேண்டியிருந்தது. எடை கூடினால் படகு அமிழும். ஆகவே கனத்த கவசத்துக்கு இடமில்லை. இரண்டு 8 செ.மீ. பீரங்கிகள் பொருத்தப்பட்டன. ஜப்பானில் பகுதி பகுதியாகச் செய்து, சீனாவுக்குக் கொண்டுவந்து பூட்டினார்கள்.

1937 இல் மூண்ட சீனப் போரில் ஜப்பானியப் படைகள் ஆற்றின் வழியே முன்னேற இப்படகுகள் துணை நின்றன. 1941 டிசம்பர் 8 அன்று ஷாங்காயில் ‘வேக்’ என்ற அமெரிக்கப் படகு ஜப்பானியர் கையில் சிக்கி, ‘டட்டாரா’ எனப் பெயர் மாறியது. சரணடைய மறுத்த ‘பெட்ரல்’ என்ற பிரிட்டிஷ் படகு மூழ்கடிக்கப்பட்டது.

ஆனால் கரையிலிருந்த மக்களை மிரட்டப் போதுமானதாயிருந்த அந்த மெல்லிய உடல், வானிலிருந்து விழும் குண்டைத் தாங்குமா? ஒடுங்கிய ஆற்றில் விலகி ஓடவும் வழியில்லை. 1944 நவம்பரில் ஆன்கிங் அருகே ஹோசு விமானத் தாக்குதலில் அழிந்தது. 1945 இல் ஜப்பான் சரணடைந்தபின் டட்டாரா சீனக் கடற்படையைச் சேர்ந்து, ‘தாய் யுவான்’ எனப் புதிய பெயர் பெற்றது.

நண்பர்களே! ஒரே படகு, பல கொடிகள். பிறர் மண்ணில் ஓடும் ஆற்றைப் பீரங்கியால் சில காலம் ஆளலாம், சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. அந்தச் சிறு படகுகளின் கதையில் நான் கற்ற பாடம் இதுவே.