எல்லாத்துக்கும் ‘ஒய்’ போடாதே!

முதல்முறையாக லினக்ஸ் கெர்னலை நீயே பில்டு பண்ணப் போகிறாய். மெனுகான்ஃபிக் திறந்து, கடைசியில் இருக்கும் ‘கெர்னல் ஹேக்கிங்’ பகுதிக்குள் போனதும் கை பரபரக்கும். பேரிலேயே டீபக் என்று இருக்கிறதே, போட்டு வைத்தால் நல்லதுதானே என்று வரிசையாக ‘ஒய்’ அழுத்திக்கொண்டே போகத் தோன்றும். போகாதேடி. அந்தக் கெர்னல் பூட் ஆகும், ஆனால் அதை வைத்து ஒரு வேலையும் ஓடாது. அதைவிடப் பெரிய சங்கடம், நீ எந்த பக்கைத் தேடிப் புறப்பட்டாயோ அதுவே காணாமல் போய்விடலாம். இரண்டு சிபியு ஒரே நேரத்தில் ஒரே இடத்தைத் தொடுவதால் வருகிற கோளாறு என்றால், கெர்னலின் வேகம் குறைந்த உடனே அந்த மோதல் நடக்காமலே போகும். டீபக் கெர்னலில் எல்லாம் சரியாக இருக்கிறதே என்று நீ தலையைச் சொறிந்துகொண்டிருப்பாய்.

அதனால் நோயைப் பார்த்து மருந்து. கோளாறு மெமரியிலா, லாக்கிலா, எங்கேயோ தொங்கி நிற்கிறதா என்று முதலில் முடிவு பண்ணு. அப்புறம் மெனுவைத் திற.

அடுப்பு மூட்டும் முன்

வெற்றுக் கான்ஃபிக்கில் ஆரம்பிக்காதே. இப்போது ஓடுகிற கெர்னலின் கான்ஃபிக் ஃபைல் பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் பூட் டைரக்டரியிலேயே கிடக்கும். அதை ‘.கான்ஃபிக்’ என்ற பெயரில் சோர்ஸ் டைரக்டரிக்குள் காப்பி பண்ணி, ‘மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்’ ஓட்டினால் புதிதாக வந்த கேள்விகளுக்கெல்லாம் டீஃபால்ட் பதில் போட்டுக்கொள்ளும். பில்டு மணிக்கணக்கில் இழுத்தால் ‘லோக்கல்மாட்கான்ஃபிக்’ உதவும். இப்போது லோட் ஆகியிருக்கிற மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடும். ஆனால் அதை ஓட்டுவதற்கு முன் பென்டிரைவ், வெப்கேம், யுஎஸ்பி சீரியல் கேபிள் என்று நீ பயன்படுத்துகிற எல்லாவற்றையும் ஒருமுறை செருகிவிடு. செருகாதது லோட் ஆகாது, லோட் ஆகாதது புதுக் கெர்னலில் இருக்காது.

உபுண்டு கான்ஃபிக்கை எடுத்தவர்கள் எல்லாரும் ஒரு இடத்தில் முட்டிக்கொள்வார்கள். சான்றிதழ் ஃபைல் இல்லை என்று பில்டு பாதியில் நின்றுவிடும். ‘சிஸ்டம் டிரஸ்டட் கீஸ்’, ‘சிஸ்டம் ரிவொக்கேஷன் கீஸ்’ இரண்டையும் காலியாக்கிவிட்டால் மேலே போகும். செக்யூர் பூட் போட்டிருக்கிற மெஷின் என்றால், நீ பில்டு பண்ணியது கையொப்பம் இல்லாத கெர்னல் என்று அது பூட் பண்ணவே மறுக்கும். கெர்னலே கெட்டுப்போய்விட்டது என்று அங்கே பயந்துவிடாதே.

‘லோக்கல் வெர்ஷன்’ என்ற கட்டத்தில் ‘-கேசான்’, ‘-லாக்டெப்’ (இரண்டும் என்ன என்று கீழே வரும்) என்று ஒரு வால் ஒட்டி வை. யுநேம் கேட்டால் எந்தக் கெர்னலில் நிற்கிறாய் என்று தெரியும். மாட்யூல்களும் தனித்தனி டைரக்டரியில் உட்காரும், ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. பழைய கெர்னலை மட்டும் கிரப் மெனுவிலிருந்து எடுத்துவிடாதே.

எப்போதும் இருக்கட்டும்

சில ஆப்ஷன்களுக்கு யோசனையே வேண்டாம். முதலில் டீபக் இன்ஃபோ. இது கெர்னலின் வேகத்தைக் குறைக்காது, டிஸ்க்கைத்தான் தின்னும். இதில் ஒரு பொறி இருக்கிறது. 5.18 கெர்னலிலிருந்து இது தனி டிக் கிடையாது, ஒரு தேர்வுப் பட்டியல். அதில் முதலில் நிற்பது ‘வேண்டாம்’ என்பதுதான். பழைய வழிகாட்டிகளைப் பார்த்து ‘.கான்ஃபிக்’ ஃபைலில் கையால் ‘டீபக் இன்ஃபோ = ஒய்’ என்று மட்டும் எழுதினால், அடுத்த ஓல்ட்டெஃப்கான்ஃபிக்கில் அந்த வரி சத்தமில்லாமல் காணாமல் போகும். பட்டியலில் ட்வார்ஃப் 4, ட்வார்ஃப் 5, அல்லது ‘டூல்செயின் டீஃபால்ட்’ என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். எந்த ஆப்ஷனைக் கையால் எழுதினாலும் இதே கதைதான். அது சார்ந்திருக்கிற வேறொன்று இல்லையென்றால் கான்ஃபிக் சண்டை போடாது, எடுத்துப் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும். அதனால் பில்டு தொடங்கும் முன் ‘.கான்ஃபிக்’ உள்ளே நீ கேட்டது இருக்கிறதா என்று கிரெப் பண்ணிப் பார். மெனுகான்ஃபிக்கில் சாய்கோடு அழுத்தித் தேடினால், ஒரு ஆப்ஷன் எதை நம்பி நிற்கிறது என்றும் காட்டும்.

டீபக் இன்ஃபோவோடு மாட்யூல்களை அப்படியே இன்ஸ்டால் பண்ணினால் இனிட்ராம்எஃப்எஸ் ஊதிப் பெருத்து பூட் பார்ட்டிஷன் நிரம்பிவிடும். ‘இன்ஸ்டால் மாட் ஸ்ட்ரிப் = 1’ என்று கொடுத்து இன்ஸ்டால் பண்ணு. தகவலை நீக்காத விஎம்லினக்ஸ் ஃபைல் மட்டும் பில்டு டைரக்டரியில் பத்திரமாக இருக்கட்டும். மறுபடி பில்டு பண்ணினால் அது மாறிவிடும், பழைய ஊப்ஸுக்கு, அதாவது கெர்னல் தடுக்கி விழும்போது கக்குகிற பிழைச் செய்திக்கு, உதவாது.

அது எதற்கு என்று கேட்கிறாயா? ஊப்ஸ் வரும்போது ஸ்டாக்கில் ஒவ்வொரு வரியிலும் ஃபங்ஷன் பெயர், கூட்டல் குறி, ஒரு எண், சாய்கோடு, இன்னொரு எண் என்று இருக்கும். முதல் எண், அந்த ஃபங்ஷனுக்குள் எத்தனை பைட் தள்ளி நிற்கிறோம் என்பது. இரண்டாவது, ஃபங்ஷனின் மொத்த நீளம். இரண்டும் ஹெக்ஸாடெசிமல். அந்தத் துண்டை அப்படியே ‘எஃப்ஆட்ர்2லைன்’ ஸ்கிரிப்ட்டிடம் விஎம்லினக்ஸோடு சேர்த்துக் கொடுத்தால், எந்த ஃபைல், எத்தனையாவது வரி என்று சொல்லிவிடும். முழு ஸ்டாக்கையும் மொத்தமாக மாற்ற ‘டீகோட் ஸ்டாக்டிரேஸ்’ இருக்கிறது. இரண்டுமே கெர்னல் சோர்ஸின் ஸ்கிரிப்ட்ஸ் டைரக்டரியில்தான். டீபக் இன்ஃபோ இல்லாத கெர்னலில் இந்த இரண்டும் வாயே திறக்காது.

கூடவே டீபக் எஃப்எஸ், டைனமிக் டீபக், மேஜிக் சிஸ்ரிக்யூ, ஹங் டாஸ்க் டிடெக்டர் ஆகியவற்றையும் போட்டுக்கொள். டைனமிக் டீபக் இருந்தால் டிரைவருக்குள் எழுதி வைத்திருக்கிற பிஆர் டீபக் வரிகளை, மறுபடி பில்டு பண்ணாமலே, ஓடுகிற கெர்னலில் தேவையான ஃபைலுக்கு மட்டும் திறந்துவிடலாம். வழியெல்லாம் பிரிண்ட்கே தெளித்துவிட்டுப் பிறகு பொறுக்கிக்கொண்டிருக்க வேண்டாம். ஹங் டாஸ்க் டிடெக்டர், டீஃபால்ட்டாக 120 வினாடிக்கு மேல் அசையாமல் தூங்குகிற டாஸ்க்கை ஸ்டாக்கோடு காட்டிக்கொடுக்கும்.

மெமரி என்றால் கேசான்

விடுவித்த மெமரியைத் திரும்பத் தொடுவது, எல்லை தாண்டி எழுதுவது இரண்டுக்கும் கேசான்தான் என் முதல் தேர்வு. 4.0 கெர்னலில், 2015-ல் வந்தது. கெர்னலின் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட் நிழல் மெமரி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தொடுதலுக்கும் முன்னால் அந்த நிழலைப் பார்க்கும். எட்டில் ஒரு பங்கு மெமரி அதற்கே போய்விடும். விர்ச்சுவல் மெஷினுக்கு ராம் ஒதுக்கும்போது இதைக் கணக்கில் வை.

கேசான் ரிப்போர்ட்டைக் கண்டு மிரளாதே, அதில் மூன்று ஸ்டாக்தான் முக்கியம். எங்கே தப்பாகத் தொட்டாய், அந்த மெமரி எங்கே ஒதுக்கப்பட்டது, எங்கே விடுவிக்கப்பட்டது. புதிதாக வருகிறவர்கள் முதல் ஸ்டாக்கிலேயே மூழ்கிப்போவார்கள். விடுவித்த மெமரி விவகாரத்தில் நான் மூன்றாவதைத்தான் முதலில் படிப்பேன்; அங்கே ரெஃபரன்ஸ் கவுன்ட் ஒன்று குறைவாக இருக்கிறதா என்பதில்தான் பாதி கேஸ் முடியும். ‘இன்லைன்’, ‘அவுட்லைன்’ என்று கேட்டால், இன்லைன் வேகம், ஆனால் கெர்னல் இமேஜ் பெருக்கும். இடம் இருந்தால் இன்லைன் போடு.

பல நாள் ஓடினால் எப்போதாவது ஒருமுறை வருகிற கோளாறுக்கு, சர்வரில் கேசான் வைக்க முடியாது. அங்கே கேஃபென்ஸ். 5.12-ல் வந்தது. எல்லா ஒதுக்கீட்டையும் பார்க்காமல் டீஃபால்ட்டாக 100 மில்லிசெகண்டுக்கு ஒன்றை மட்டும் எடுத்துக் காவல் போடும். பிடிப்பது தற்செயல்தான், ஆனால் வேகத்தில் வித்தியாசமே தெரியாது.

ரீபில்டு பண்ண நேரமே இல்லை என்றால் பூட் வரியில் ‘ஸ்லப் டீபக்’ கொடுத்துப் பார். புதிய கெர்னல்களில் ‘ஸ்லாப் டீபக்’ என்று பெயர். ஸ்லப் டீபக் ஆப்ஷன் டிஸ்ட்ரோ கெர்னல்களில் பெரும்பாலும் ஏற்கெனவே உள்ளே இருக்கும். விடுவித்த மெமரியில் இது 6பி என்ற பைட்டை நிரப்பும். ஊப்ஸில் ஏதாவது ரெஜிஸ்டர் 6பி6பி6பி6பி என்று நிற்பதைப் பார்த்தால் வேறெதுவும் யோசிக்காதே. யாரோ விடுவித்த பாயின்டரை நீ கையில் பிடித்திருக்கிறாய்.

லாக்கு விஷயம்

பீரோ சாவி என்னிடம், லாக்கர் சாவி உன்னிடம். நான் லாக்கர் சாவிக்காகவும் நீ பீரோ சாவிக்காகவும் காத்துக்கொண்டிருந்தால் விடியும்வரை நிற்க வேண்டியதுதான். இதைப் பிடிப்பது ‘ப்ரூவ் லாக்கிங்’, எல்லாரும் சொல்வது லாக்டெப். இங்கோ மோல்னார் எழுதி 2006-ல் 2.6.18 கெர்னலில் சேர்ந்தது. இதன் அழகு என்னவென்றால், டெட்லாக் நிஜமாக நடக்க வேண்டியதில்லை. ஓரிடத்தில் ‘ஏ’ பிடித்து ‘பி’ பிடித்ததையும், எப்போதோ வேறிடத்தில் ‘பி’ பிடித்து ‘ஏ’ பிடித்ததையும் நினைவில் வைத்து, இது ஒருநாள் மாட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடும். வருஷத்துக்கு ஒருமுறை வரக்கூடிய டெட்லாக்கை ஒரே டெஸ்ட்டில் பார்த்துவிடலாம்.

ஆனால் முதல் ரிப்போர்ட்டோடு லாக்டெப் தன்னை அணைத்துக்கொள்ளும். பூட் ஆகும்போதே வேறொரு டிரைவர் ஒரு எச்சரிக்கையைக் கிளப்பிவிட்டால், அதற்குப் பிறகு உன் டிரைவரை யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். டிமெசேஜை மேலிருந்து படி. முதலில் வந்ததைச் சரி செய், இல்லை அந்த டிரைவரைக் கான்ஃபிக்கிலிருந்து எடு. பிறகு ரீபூட் பண்ணி உன்னுடையதைச் சோதி.

‘டீபக் அடாமிக் ஸ்லீப்’ கூடவே இருக்கட்டும். ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு, தூங்கக்கூடிய ஃபங்ஷனை அழைத்தால் உடனே கத்தும். புதிதாக டிரைவர் எழுதுகிறவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். ஸ்பின்லாக்குக்குள் ஜிஎஃப்பி கெர்னல் போட்டு கேமலாக் பண்ணியிருப்பார்கள், மெமரி தாராளமாக இருக்கிறவரை ஒன்றுமே தெரியாது.

லாக்கே போடாமல் இரண்டு பக்கமும் தொடுகிற டேட்டா ரேஸுக்கு கேசிசான் இருக்கிறது, 5.8-ல் வந்தது. கேசானும் இதுவும் ஒரே கெர்னலில் சேராது, கான்ஃபிக்கே விடாது. அதனால் ‘ஓ=’ கொடுத்து இரண்டுக்கும் தனித்தனி பில்டு டைரக்டரி வைத்துக்கொள். ஒன்றில் கை வைத்தால் மற்றது முதலிலிருந்து பில்டு ஆகாது.

எங்கே ஓட்டுவது?

முதலில் க்யூஎம்யூ விர்ச்சுவல் மெஷினில். சீரியல் கன்சோலை டெர்மினலுக்குத் திருப்பிவிட்டால், கெர்னல் செத்து விழும்போது சொன்ன கடைசி வார்த்தைவரை உன் ஸ்க்ரோல்பேக்கில் கிடைக்கும். ஜிடிபி டீபகரை இணைக்கப் போகிறாய் என்றால் கான்ஃபிக்கில் ‘ஜிடிபி ஸ்கிரிப்ட்ஸ்’, பூட் வரியில் ‘நோகேஏஎஸ்எல்ஆர்’. இரண்டாவதை மறந்தால் கெர்னல் ஒவ்வொரு பூட்டுக்கும் வேறு முகவரியில் உட்காரும், நீ வைத்த பிரேக்பாயின்ட் எதுவும் நிற்காது. கெர்னலுக்குள்ளேயே இருக்கிற கேஜிடிபி 2008-ல்தான், 2.6.26-ல் உள்ளே வந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸுக்கு டீபகர் என்றாலே ஆகாது என்பது ஊரறிந்த கதை. எனக்கு அந்த வைராக்கியமெல்லாம் கிடையாது, ஆனாலும் ஜிடிபியைத் தொடுவதற்கு முன் கேசான், லாக்டெப் இரண்டையும் ஓட்டிவிடுவேன். பாதி நேரம் ஜிடிபி தேவைப்படாது.

நிஜ மெஷினில்தான் வருகிறது, சீரியல் போர்ட் இல்லை என்றால் நெட்கன்சோல் போடு. யுடிபி வழியாகப் பக்கத்து மெஷினுக்கு லாக் செய்திகளை அனுப்பிவிடும். ஸ்கிரீனை மொபைலில் படம் பிடித்து, அதிலிருந்து ஹெக்ஸ் எண்களை டைப் அடித்துக்கொண்டிருக்காதே.

இவ்வளவையும் பில்டு பண்ணப் பொறுமை இல்லை, ஏதாவது கிடைக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும் என்றால், ஃபெடோராவில் ‘கெர்னல்-டீபக்’ என்ற பேக்கேஜ் தயாராகவே இருக்கிறது. கனமான சோதனைகளைப் போட்டு அவர்களே பில்டு பண்ணியது. அதை பூட் பண்ணி உன் மாட்யூலை ஏற்றிப் பார். மாட்யூலை மட்டும் அந்தக் கெர்னலின் ஹெட்டர்களை வைத்து மறுபடி பில்டு பண்ண வேண்டியிருக்கும்.

அப்புறம், டீபக் கெர்னலில் பெர்ஃபார்மன்ஸ் நம்பர் எடுத்து டீம் லீடிடம் கொண்டுபோய்க் காட்டிவிடாதே. அதற்கு வால் ஒட்டாத சாதாரணக் கெர்னலில் தனியாக ஓட்டு.