எஸ்கியூஎல்லிலிருந்து நிரல்: எந்தப் ப்ளகின், எந்த அமைப்பு

எஸ்கியூஎல்லில் எழுதிய வினவலைப் படித்து, அதை இயக்குவதற்கான நிரலைத் தானே எழுதித் தரும் ப்ளகின்கள் ஒரு பழைய தொல்லையைத் தீர்க்கின்றன. வினவல் வெறும் எழுத்துச் சரமாக நிரலுக்குள் கிடக்கும்வரை கம்பைலர் அதைக் கண்டுகொள்வதில்லை. அட்டவணையில் ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றினால், அந்த வினவல் ஓடும் நாளில்தான் பிழை தெரியும். ப்ளகின் அந்தப் பிழையைப் பில்ட் நேரத்துக்கே இழுத்து வந்துவிடும். ஆனால் ப்ளகினைச் சேர்த்தால் மட்டும் போதாது. ஸ்கீமாவை எங்கிருந்து படிப்பது, எந்த வகையை எந்த வகையாக மாற்றுவது என்று அமைப்புக் கோப்பில் எழுதியதைப் பொறுத்துத்தான் இந்தப் பாதுகாப்பு நிற்கும்.

இதைப் பேச ஒரு திடமான எடுத்துக்காட்டு வேண்டும். கொல்கத்தாவின் கிடர்பூரில் 1892 முதல் இயங்கும் கப்பல் துறை இரண்டு படுகைகள் கொண்டது. ஹூக்ளி ஆற்றிலிருந்து கப்பல்கள் பூட்டுவாயில் வழியாக, ஓதத்தின் ஏற்றத்தைப் பார்த்துத்தான் உள்ளே வருகின்றன. இப்படிப்பட்ட ஒரு துறைக்கு வருகைப் பதிவேடு எழுதுவதாகக் கொள்ளலாம். கப்பல்கள், நிறுத்துமிடங்கள், வருகைகள் என மூன்று அட்டவணைகள் அதில் இருக்கும். வருகை அட்டவணையில் எதிர்பார்க்கும் நேரம், வாயிலைக் கடந்த நேரம், கப்பல் நீரில் அமிழ்ந்திருக்கும் ஆழம் ஆகியவை இருக்கும். வாயிலைக் கடந்த நேரம் கப்பல் வரும்வரை வெறுமையாகவே இருக்கும்.

தேர்வு செய்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி மொழியைப் பற்றியதல்ல. ஸ்கீமாவின் உண்மையான வடிவம் எங்கே இருக்கிறது என்பதே அது. கோப்புகளிலா, மைக்ரேஷன் வரிசையிலா, ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்திலா? பரவலாகப் பயன்படும் எஸ்கியூஎல்சி, எஸ்கியூஎல்டிலைட், ஜூக் ஆகிய மூன்று கருவிகளும் இந்த ஒரு கேள்விக்கு மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன.

எஸ்கியூஎல்சி கோப்புகளை நம்புகிறது. கைல் கான்ராய் 2019-இல் அறிமுகப்படுத்திய இந்தக் கருவி முதன்மையாகக் கோ மொழிக்கானது; கோட்லின், பைத்தான், டைப்ஸ்கிரிப்ட் ஆகியவற்றுக்குத் தனிப் ப்ளகின்கள் உண்டு. யாமல் கோப்பு ஒன்றில் தரவுத்தளத்தின் வகை, ஸ்கீமா இருக்கும் இடம், வினவல்கள் இருக்கும் இடம், நிரல் போய்ச் சேர வேண்டிய இடம் ஆகிய நான்கையும் சொன்னால் போதும். ஒவ்வொரு வினவலுக்கும் மேலே ஒரு குறிப்பு வரியில் அதன் பெயரும், ஒரு வரிசை வருமா பல வருமா என்பதும் எழுதப்படும். போஸ்ட்கிரஸ்ஸுக்கு அந்தத் தரவுத்தளத்தின் சொந்தப் பாகுபடுத்தியையே பயன்படுத்துவதால், போஸ்ட்கிரஸ்ஸுக்கே உரிய வாக்கிய அமைப்புகளும் சிக்கலின்றிச் செல்லும். ஸ்கீமாவாக மைக்ரேஷன் கோப்புறையையே காட்டலாம். அப்போது ஒன்றை மறக்கக் கூடாது: கோப்புகள் அகர வரிசையில்தான் படிக்கப்படும், அதனால் 10 என்று தொடங்கும் கோப்பு 2-க்கு முன்னால் வந்துவிடும். முதல் நாளிலிருந்தே 001, 002 என்று எண்ணிடுவது நல்லது.

எஸ்கியூஎல்டிலைட் ஒரு கிரேடில் ப்ளகின். ஸ்கொயர் நிறுவனத்தில் பிறந்தது, கோட்லின் மொழிக்கானது. 2023-இல் வந்த 2.0 பதிப்பில் ப்ளகினின் பெயரே ஸ்கொயரிலிருந்து கேஷ் ஆப் பெயருக்கு மாறியது, அமைப்பு எழுதும் முறையும் மாறியது. பழைய பாடங்களைப் பார்த்து எழுதும் அமைப்பு வேலை செய்யாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இணைப்பு அறுந்தாலும் படகுத்துறையில் நின்று பதிவு செய்ய ஒரு கைப்பேசிச் செயலி வேண்டும் என்றால் இதுவே சரியான தேர்வு. அங்கே எஸ்கியூலைட்டின் பதிப்புதான் முக்கியம். ஆண்ட்ராய்டு திட்டங்களில், ஆதரிக்கும் மிகக் குறைந்த ஆண்ட்ராய்டு பதிப்பைப் பார்த்து ப்ளகினே எஸ்கியூலைட்டின் பேச்சுவழக்கை (டயலெக்ட்) தேர்ந்துகொள்ளும்; மற்றவற்றில் எஸ்கியூலைட் 3.18 என்றே எடுத்துக்கொள்ளும். ‘இருந்தால் புதுப்பி, இல்லையேல் சேர்’ என்ற வாக்கியம் எஸ்கியூலைட்டுக்கு வந்தது 3.24-இல், சாளரச் சார்புகள் வந்தது 3.25-இல். பிழை வருகிறதே என்று பேச்சுவழக்கின் எண்ணை மட்டும் கையால் உயர்த்தினால் பில்ட் வெற்றி பெறும், பழைய கைப்பேசியில் செயலி விழும். ப்ளகின் தர வந்த பாதுகாப்பைத் தன் கையாலேயே கழற்றி வைப்பது இது.

செயலியின் பதிப்பு மாறும்போது பயனரின் கைப்பேசியில் உள்ள தரவும் மாற வேண்டும். அதற்கான மைக்ரேஷன் கோப்புகளில் 1 என்ற எண், பதிப்பு 1-லிருந்து 2-க்குப் போவதைக் குறிக்கும். மைக்ரேஷன்களைச் சரிபார்க்கும் அமைப்பை இயக்கி, ஒவ்வொரு பதிப்பின் ஸ்கீமாவையும் கோப்பாகச் சேமித்துவைப்பது கட்டாயம் என்றே கொள்ளலாம். வழங்கியில் இதே கருவியைப் பயன்படுத்தினால், ஸ்கீமாவை மைக்ரேஷன்களிலிருந்தே பெறும்படி மாற்றிக்கொள்ள ஓர் அமைப்பு உண்டு.

ஜூக் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த லூக்காஸ் ஈடர் உருவாக்கிய இது, ஓடும் தரவுத்தளத்தோடு இணைந்து அட்டவணைகளைப் படித்து, அவற்றுக்கான ஜாவா வகுப்புகளை எழுதித் தருகிறது. வினவலை நிரலர் அந்த வகுப்புகளைக் கொண்டு ஜாவாவிலேயே எழுதுகிறார். ஆண்டுக்கணக்கில் வளர்ந்த, பல பயன்பாடுகள் பகிரும் தரவுத்தளத்தில் எஸ்கியூஎல் கோப்புகளைவிட ஓடும் தளமே உண்மை. அங்கே ஜூக் பொருந்தும். தளம் இல்லாமல் கோப்பிலிருந்து படிக்கும் வழியும் இருக்கிறது. ஆனால் அது உள்ளுக்குள் எச்2 தளத்தைப் பயன்படுத்துவதால் போஸ்ட்கிரஸ்ஸின் சிறப்பு வகைகளில் தடுமாறும். ஆரக்கிள் போன்ற வணிகத் தளங்களுக்கு உரிமக் கட்டணம் உண்டு என்பதைத் திட்டம் தொடங்கும் முன்பே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அமைப்பில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் வகை மாற்றம். கப்பல் அமிழும் ஆழத்தை 7.10 மீட்டர் என்று துல்லியமாக வைத்திருக்க வேண்டும். மிதவைப் புள்ளி எண் அதற்கு உதவாது. போஸ்ட்கிரஸ்ஸில் தசம வகையாக வைத்தால் ஜூக் அதை ஜாவாவின் பெருந்தசம வகையாகவே தருகிறது. எஸ்கியூஎல்சி, கோவின் இயல்பு நூலகத்தோடு பயன்படுத்தினால், அதை எழுத்துச் சரமாகத் தருகிறது. பயன்படுத்த வசதியான தசம வகையை அமைப்பில் மேலெழுதிச் சொல்ல வேண்டும். எஸ்கியூலைட்டில் துல்லியமான தசம வகையே கிடையாது. சென்டிமீட்டரில் 710 என்று முழு எண்ணாக வைப்பதே எளிய, பிழையற்ற வழி.

நேரம் இன்னும் நுட்பமானது. நேர மண்டலம் இல்லாத வகையில் நேரத்தை வைத்து, வழங்கி உலக நேரத்தில் ஓடினால், இந்திய நேரத்தோடு ஐந்தரை மணி வேறுபாடு புகுந்துவிடும். ஹூக்ளியில் நாளுக்கு இருமுறை ஏற்றமும் இருமுறை வற்றமும் வருகின்றன. ஐந்தரை மணிப் பிழை ஏற்ற நேரத்தை வற்றத்தின் பக்கம் கொண்டுபோய் வைத்துவிடும். எனவே நேர மண்டலத்தோடு கூடிய வகையையே தேர்ந்து, நிரலில் அது என்ன வகையாக வருகிறது என்று உருவான கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். எஸ்கியூலைட்டில் நேர வகை இல்லாததால், முழு எண்ணாகச் சேமித்து, மாற்றும் அடாப்டர் ஒன்றை எழுத வேண்டும். வாயிலைக் கடந்த நேரம் வெறுமையாக இருக்கலாம் என்பதைக் கோட்லின் தன் வகையிலேயே காட்டிவிடும். கோ மொழியில் அதற்கென்று தனி வகை வரும். ஜாவாவில் வகை எதையும் சொல்லாது, நிரலரே நினைவில் வைக்க வேண்டும்.

தேடல் திரையில் படுகை, கப்பல் பெயர், தேதி என எதை வேண்டுமானாலும் விடலாம் என்றால், ஜூக்கில் நிபந்தனைகளைத் தேவைக்கேற்பச் சேர்த்துக்கொண்டே போகலாம். மற்ற இரண்டிலும் ‘மதிப்பு வெறுமையாக இருந்தால் இந்த நிபந்தனையை விட்டுவிடு’ என்று வினவலுக்குள்ளேயே எழுத வேண்டும். மூன்று, நான்கு நிபந்தனைகள்வரை இது தாங்கும். திரை வளர வளர வினவல் படிக்க முடியாததாகும், தரவுத்தளமும் இன்டெக்ஸைப் பயன்படுத்தத் தயங்கும். அறிக்கைகள் அதிகமுள்ள திட்டத்துக்கு ஜூக்கைப் பரிந்துரைக்க இதுவே வலுவான காரணம்.

உருவான நிரலைக் கிட் களஞ்சியத்தில் சேர்ப்பதா என்ற கேள்விக்கும் கருவியைப் பொறுத்தே பதில். எஸ்கியூஎல்டிலைட் அதைப் பில்ட் கோப்புறையில் வைக்கிறது, சேர்க்கத் தேவையில்லை. ஓடும் தளத்திலிருந்து படிக்கும் ஜூக்கில் சேர்ப்பதே நல்லது, இல்லையேல் ஒவ்வொரு பில்டுக்கும் ஒரு தளம் எழுந்து நிற்க வேண்டும். எஸ்கியூஎல்சியின் நிரலைச் சேர்த்து, சேர்த்ததும் புதிதாக உருவாவதும் ஒன்றுதானா என்று ஒப்பிடும் அதன் கட்டளையைத் தானியங்கிப் பில்டில் வைக்கலாம். அந்தக் கருவி தன் பதிப்பு எண்ணை ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் எழுதுவதால், குழுவில் எல்லோரும் ஒரே பதிப்பை நிறுவியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வினவல் எதுவும் மாறாமலேயே எல்லாக் கோப்புகளும் மாறியதாகக் காட்டும்.