கத்திரி வெயிலும் முடி மருந்தும்: தலை எரிந்தால் என்ன செய்வது?

மே 4-ல் கத்திரி தொடங்குகிறது. மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஹெல்மெட்டுக்குள் தலை வேகும். கோவளம் முதல் மாமல்லபுரம் வரை உப்புக்காற்றும் பிசுபிசுப்பும் சேர்ந்துகொள்ளும். முடி உதிர்வுக்கு மினாக்ஸிடில் தடவுகிறவர்களுக்கு அரிப்பும் எரிச்சலும் கூடும் காலம் இது. பயந்துபோய் மருந்தை ஒரேயடியாக விட்டுவிடாதீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு புண்ணின் மேலேயே தடவவும் வேண்டாம்.

மினாக்ஸிடில் 1979-ல் அமெரிக்காவில் ரத்தக்கொதிப்பு மாத்திரையாக அனுமதி பெற்றது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் முடி வளர்ந்ததைக் கண்டபிறகே, தலையில் தடவும் 2 சதவீதத் திரவம் 1988-ல் வந்தது. இந்த மருந்து தண்ணீரில் லேசில் கரையாது. அதனால் ஆல்கஹாலும் புரொப்பிலீன் கிளைக்காலும் சேர்க்கிறார்கள். எரிச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் இந்தப் புரொப்பிலீன் கிளைக்கால்தான். 2006-ல் அமெரிக்காவில் வந்த 5 சதவீத நுரையில் அது இல்லை. ஆகவே திரவம் ஒத்துக்கொள்ளாதவருக்கு நுரை ஒத்துக்கொள்ளலாம். மருந்தே ஒவ்வாதவர்களும் உண்டு, ஆனால் குறைவு.

வெள்ளைத் துகள் உதிர்ந்தால் உடனே பொடுகு என்று முடிவுகட்டாதீர்கள். அடியில் தோல் சிவக்காமல், தலைக்குக் குளித்ததும் போய்விட்டால் அது காய்ந்த மருந்து. சிவப்பும் எண்ணெய்ப் பிசுக்கான செதிலும் அரிப்பும் இருந்தால் பொடுகு. அதற்குத் தனி ஷாம்பூ வேண்டும், மருத்துவர் சொல்வார்.

இந்த மாதம் மருந்தை ஈரத் தலையிலோ வியர்த்த தலையிலோ தடவாதீர்கள். குளித்து, துவட்டி, மின்விசிறியில் நன்றாக உலர்ந்த பிறகு 1 மில்லி போதும். கூடுதலாகத் தடவினால் முடி கூடாது, எரிச்சல்தான் கூடும். தடவியவுடன் ஹெல்மெட் மாட்டினால் மருந்து மூடிய சூட்டில் ஊறும், வியர்வையோடு நெற்றிக்கும் கண்ணுக்கும் வழியும். இரவில் தடவுகிறவர்கள் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தடவிவிடுங்கள். தலையணையில் ஒட்டினால் முகத்தில் முடி முளைக்கலாம். வீட்டில் பூனை இருந்தால் இன்னும் கவனம், சிறிதளவு நக்கினாலும் அதன் உயிருக்கே ஆபத்து. நுரை டப்பாவை வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள், அது எளிதில் தீப்பற்றும்.

கடலில் இறங்குவதானால் தடவி நான்கு மணி நேரமாவது போகட்டும். கரையேறியதும் நல்ல தண்ணீரில் உப்பை அலசுங்கள். விடுமுறையில் திருப்போரூர் கந்தசாமி கோயிலில் மொட்டை போடுகிறவர்கள் கத்திக் கீறல்கள் ஆறும்வரை மருந்தைத் தொடவே வேண்டாம். கீறலிலும் வெயிலில் வெந்த தோலிலும் மருந்து கூடுதலாக உடம்புக்குள் இறங்கும். அடிப்படையில் இது ரத்தக்கொதிப்பு மருந்து என்பதை மறக்கக் கூடாது. படபடப்பு, தலைசுற்றல், நெஞ்சுவலி, கால் வீக்கம் எது வந்தாலும் நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தலை சிவந்து நீர் கசிந்தாலோ, நெற்றியும் இமையும் தடித்தாலோ அன்றே மருந்தை நிறுத்துங்கள். மென்மையான ஷாம்பூ போட்டுப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெங்காயச் சாறு, எலுமிச்சை, சீயக்காய்த் தேய்ப்பு எதுவும் அந்தத் தோலுக்கு ஆகாது. கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு இன்னும் மோசம். அரிப்பை அமுக்கிவிட்டு, நாளடைவில் தோலை மெலியச் செய்துவிடும். அதை எத்தனை நாள், எவ்வளவு போடுவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஓரிரு வாரம் நிறுத்தினால் வளர்ந்த முடியெல்லாம் கொட்டிவிடுமோ என்ற பயம் வேண்டாம். மாதக்கணக்கில் விட்டால்தான் பலன் போகும். தோல் ஆறிய பிறகு நுரைக்கு மாறுவதா, வேளையைக் குறைப்பதா என்று கேட்டுத் தொடரலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் இதைத் தடவவே கூடாது. ஃபினாஸ்டிரைடு என்ற மருந்தும் கலந்த பாட்டிலாக இருந்தால் கர்ப்பிணிகள் கையால்கூடத் தொடக் கூடாது.

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போங்கள். எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க மருந்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டும். மருந்துப் பாட்டிலையும் அதன் அட்டைப்பெட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள்.