மடிக்கணினிப் பழுதும் வீட்டு மராமத்தும்

பாவு இழை அறுந்தால் நெசவாளர் தறியைக் கடைக்குத் தூக்கிச் செல்வதில்லை. இழையை முடிந்து தொழிலைத் தொடர்கின்றார். கிணற்று மோட்டார் நின்றால் விவசாயி முதற்கண் மின்சாரம் வருகின்றதா என்று பார்க்கின்றார். மடிக்கணினி மட்டும் நின்ற மாத்திரத்தில் கடைக்குச் செல்வது ஏன்? பழக்கமின்மையே காரணம். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் நம்மனையோர் இல்லங்கள் பலவற்றில் இக்கருவி புகுந்தது. இன்று பிள்ளைகளின் படிப்பும் சங்கக் கணக்கும் இதனையே நம்பியுள்ளன. ஆதலின், பழுது எங்கே என்று அறியும் முறையை அங்கத்தினர் ஒவ்வொருவரும் கற்றல் நலம்.

1. உயிரே இல்லையாயின்

சுவர்ப் பிளக்கில் வேறொரு விளக்கைச் செருகி மின்சாரத்தை உறுதி செய்க. அடுத்துச் சார்ஜரைச் சோதிக்க. அதன் மேல் 19 அல்லது 20 வோல்ட் என்பது போன்ற எண் அச்சிடப்பட்டிருக்கும். மல்டிமீட்டரை டி.சி. வோல்ட் அளவில், 20-க்கு மேற்பட்ட வீச்சில் வைத்து, உருளை முனையின் உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் தொட்டால் ஏறக்குறைய அவ்வெண் காட்டவேண்டும். ஒன்றும் காட்டாவிடில் குற்றம் சார்ஜருடையது. கணினியைத் திறக்க வேண்டுவதில்லை. புதிதாக வாங்குங்கால் வோல்ட் அதே அளவாகவும், ஆம்பியர் குறையாமலும், முனை பொருந்துவதாகவும் இருத்தல் வேண்டும். புதுவகை டைப்-சி சார்ஜர்கள் கணினியோடு இணைந்த பின்னரே முழு வோல்ட் தருவனவாகலின், அவற்றை இம்முறையால் சோதித்தல் இயலாது.

சார்ஜர் நன்றாயிருப்பின், அதனைக் கழற்றி, கழற்றக்கூடிய பாட்டரியாயின் அதனையும் நீக்கி, பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடிக்க. பின்னர்ச் சார்ஜரை மட்டும் இணைத்து முயல்க. இப்போது ஓடினால் பாட்டரியே ஐயத்திற்குரியது.

2. விளக்கு எரிந்தும் திரை இருண்டிருப்பின்

டார்ச் ஒளியைத் திரையின்மேல் சாய்வாக அடித்துப் பார்க்க. மங்கலாகப் படம் தெரியின் திரையின் பின்னொளி கெட்டுள்ளது. தொலைக்காட்சியோடு இணைத்தால் அதில் படம் தோன்றுமாயின் தாய்ப்பலகை நலமே. இரண்டிலும் படம் இல்லையேல், மின்தொடர்பையும் பாட்டரியையும் அகற்றிய பின், ‘ராம்’ எனப்படும் நினைவகப் பலகையைக் கழற்றி, பொன்னிற விளிம்பை மெல்லிய பென்சில் ரப்பரால் துடைத்து, மீண்டும் அழுத்திப் பொருத்துக. சில வகைகளில் இப்பலகை பற்றவைக்கப்பட்டிருக்கும், அவற்றைத் தொடற்க.

3. சூடேறி நிற்குமாயின்

இது தறியுள்ள வீடுகளில் பெரிதும் கவனிக்கற்பாலது. பஞ்சுத் தும்பு காற்றுத் துளைகளிலும் விசிறியிலும் படிந்து அடைத்துக்கொள்ளும். விசிறி சுழலாதவாறு ஒரு குச்சியால் தடுத்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் துடைக்க. திருகாணிகள் நீளத்தில் வேறுபடும். கணினியின் அடிப்புறத்தைத் தாளில் வரைந்து, அவ்வவ்விடத்திலேயே அவற்றை வைத்துக்கொள்க.

4. கை வைக்கலாகாத இடங்கள்

சிக்கனம் உயிருக்குத் தீங்காகிவிடக் கூடாது. சார்ஜரின் உட்பாகத்தைத் திறக்கற்க. 230 வோல்ட் மின்சாரம் அதனுள் ஏறத்தாழ 325 வோல்டாகத் தேங்கி நிற்கும். உப்பிய லித்தியம் பாட்டரியை அழுத்துதலும் துளைத்தலும் தீயை விளைவிக்கும், குப்பையிலும் எறியலாகாது. பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022-இன்படி அது சேகரிப்போரிடம் சேர்க்கப்படவேண்டியது. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வெள்ளம் புகுந்ததை யாவரும் அறிவர். அவ்வாறு நீர் புகுந்த கணினியை ‘உலர்ந்துவிட்டது’ எனக் கருதி இயக்கினால், மீதமிருப்பதும் பாழாகும். சேற்றுநீரின் உப்பு பலகைமேல் படிந்து செம்பை அரிக்கும். அதனைக் கழுவி எடுத்தல் தேர்ந்தவர் பணி. வட்டிலிருந்து ‘டிக் டிக்’ என ஓசை எழுமாயின், பிற யாவற்றுக்கும் முன் கோப்புகளைப் படியெடுத்துக்கொள்க. உத்தரவாதக் காலம் முடியாத கருவியையும் திறக்கலாகாது.

5. உறுப்பு வாங்குதல்

கெட்ட உறுப்பையும் கணினியின் மாடல் எண்ணையும் எடுத்துக்கொண்டு, தாம்பரத்தில் மின்சார ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குச் சென்றால் பல கடைகளில் விலை கேட்டு வாங்கலாம். அத்தெருவை ஒட்டிய சிந்தாதிரிப்பேட்டை, 1734-இல் கிழக்கிந்தியக் கம்பெனி நூற்போருக்கும் நெய்வோருக்குமாக அமைத்த ஊராம். சின்னத் தறிப்பேட்டை என்பதே அவ்வாறு திரிந்ததென்பர்.

திருப்புளித் தொகுதி ஒன்று, மல்டிமீட்டர் ஒன்று, தூரிகை ஒன்று: இவற்றை வீடுதோறும் வாங்குவது வீண். சங்கத்தில் பொதுவாக வைத்து, கற்றவர் கல்லாதவர்க்குக் காட்டுவாராயின் ஒருவர் அறிவு அனைவர்க்கும் முதலாகும். கடைக்கே செல்ல நேரினும், இன்ன இடத்தில் பழுது என்று அறிந்து செல்பவரை ஏமாற்றுதல் எளிதன்று.

படிப்பு வட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. சார்ஜரின் குற்றத்தையும் கணினியின் குற்றத்தையும் எவ்வாறு பிரித்தறிவீர்?
2. எப்பழுதுகளை வீட்டில் தொடலாகாது? ஏன்?
3. நம் சங்கத்தில் பொது உபகரணங்களை எவர் பொறுப்பில், எவ்விதிகளோடு வைக்கலாம்?